அத்தியாயம் 6: ஓட்டிப் பார்த்து வாங்குங்கள் – பழைய தானியங்கி இயந்திரங்கள்

குண்டாற்றில் வெள்ளம் பார்க்கிற நாளைவிட மணல் பார்க்கிற நாளே அதிகம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழையை நம்பிய கரிசல் பூமி. வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால் பருத்தியும் மிளகாயும் கம்பும் கைவிட்டுவிடும். அதனால்தான் இங்கே தலைமுறைகளாகத் தறியும் நூற்பாலையும் எண்ணெய் மில்லும் பருப்பு மில்லும் சோறு போட்டு வருகின்றன. இப்படிப்பட்ட ஊரில் தொழில் தொடங்குகிறவர் போடும் முதல், பெரும்பாலும் வீட்டு நகையும் வங்கிக் கடனும் சேர்ந்தது. அந்தப் பணத்துக்குப் புது மெஷின் கட்டுப்படியாகவில்லை என்றால் பழையது வாங்குவதில் எந்தக் குறைவும் இல்லை. பார்க்கத் தெரியாமல் வாங்குவதுதான் குடும்பத்தைச் சாய்க்கும்.

பிஎல்சி (மெஷினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி), டிரைவ் (மோட்டாரின் வேகத்தை ஆளும் கருவி), சர்வோ, சென்சார், தொடுதிரை ஆகியவற்றால் ஓடும் பழைய மெஷின்களைப் பற்றியது இந்த அத்தியாயம். ஆட்டோகோனர், ரிங் ஃப்ரேம், ஏர்ஜெட் தறி, பருப்பு மில்லின் கலர் சார்ட்டர், பாக்கெட் போடும் மெஷின், ஆஃப்செட் எல்லாம் இதில் அடங்கும்.

எதை வாங்குகிறோம்?

சாதாரண லேத் மெஷினில் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். படுகையைத் தடவிப் பார்த்தால் பள்ளம் தட்டுப்படும்; சக்கைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். தானியங்கி மெஷினில் நீங்கள் வாங்குவது நான்கு பொருட்கள். ஒன்று, இரும்பு. இரண்டு, மின்னணுக் கார்டுகள். மூன்று, அந்த மெஷின் என்ன செய்ய வேண்டும் என்று பிஎல்சிக்குள் எழுதி வைத்திருக்கும் புரோகிராம். நான்கு, கெட்டால் சரிசெய்து தரும் ஆள். முதலாவது மட்டுமே கண்ணில் படும். மற்ற மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும், முதலாவது பழைய இரும்புக் கடை விலைக்குப் போய்விடும்.

ஆகவே இந்த அத்தியாயத்தின் விதி ஒன்றே ஒன்று: ஓடாத மெஷினுக்கு ஓடும் மெஷின் விலை கொடுக்காதீர்கள். காளை வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு நிற்க மாட்டார்; ஏரில் பூட்டியும் பார்ப்பார். அதையே இங்கேயும் செய்ய வேண்டும்.

சரக்கு எங்கே கிடைக்கும்?

நூற்பாலை மெஷின்களுக்குக் கோயம்புத்தூர்தான் பெரிய சந்தை. லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் (எல்எம்டபிள்யூ) 1962இல் அங்கே தொடங்கப்பட்ட பிறகு, ஜவுளி இயந்திரங்களைச் செய்யவும் பழுதுபார்க்கவும் தெரிந்த கைகள் அந்த ஊரில் பெருகின. எல்எம்டபிள்யூ ரிங் ஃப்ரேம் பழையதாக வாங்கினால் உதிரிப்பாகமும் பிட்டரும் எளிதில் கிடைப்பதற்கு அதுவே காரணம். அச்சு, அட்டைப்பெட்டித் தொழிலுக்குப் பக்கத்திலேயே சிவகாசி இருக்கிறது. ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரும் பழைய ஆஃப்செட் மெஷின்களைப் பார்த்துப் பழகிய மெக்கானிக்குகள் அங்கே உண்டு. உங்கள் மெஷின் எந்த வகையோ, அந்த வகை அதிகம் ஓடுகிற ஊரில் தேடுங்கள். அங்கே மெஷினோடு அதைத் தெரிந்த ஆளும் கிடைப்பார்.

வாங்குகிற வழி நான்கு. முதலாவது, புது மெஷின் போடுவதற்காகப் பழையதை இறக்கும் ஆலையிடமே நேரடியாக வாங்குவது. இதுவே சிறந்தது. மெஷின் ஓட்டத்தில் இருக்கும்போதே பார்க்கலாம். அதை ஓட்டிய ஆளிடம் பேசலாம். இரண்டாவது, வியாபாரியிடம் வாங்குவது. நல்ல வியாபாரி தன் கிடங்கிலேயே கரண்டு கொடுத்து ஓட்டிக் காட்டுவார். மூன்றாவது ஏலம். கடன் கட்டாத ஆலைகளின் சொத்தை 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி வங்கிகள் ஏலம் விடுகின்றன. பொதுத்துறை நிறுவனங்களின் கழிவு இயந்திரங்களை எம்எஸ்டிசி நிறுவனம் இணைய ஏலத்தில் விற்கிறது. நான்காவது, காயலான் கடை. அங்கே உதிரிப்பாகம் மட்டும் வாங்குங்கள். முழு மெஷின் வேண்டாம்.

ஏல அறிவிப்பில் ‘உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில்’ என்ற வாசகம் இருக்கும். பிறகு வரும் எந்தக் குறைக்கும் விற்பவர் பொறுப்பில்லை என்பதே அதன் பொருள். ஏலத்துக்கு முன் பார்வையிட நாள் கொடுப்பார்கள். அந்த நாளில் போகாதவர் ஏலம் கேட்கவே கூடாது. நெடுநாள் பூட்டிக் கிடந்த ஆலையில் கூடுதல் கவனம் வேண்டும். நம் பக்கத்துக் காளையார்கோவில், கமுதக்குடி தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகள் 2020 ஊரடங்கோடு ஓட்டம் குலைந்தவை. அப்படி ஆண்டுக்கணக்கில் நின்ற இடத்திலிருந்து எந்த மெஷின் வந்தாலும், பேட்டரி செத்திருக்கும், கப்பாசிட்டர் காய்ந்திருக்கும், கார்டுகளில் ஈரம் ஏறியிருக்கும் என்று வைத்துக்கொண்டே விலை கேளுங்கள்.

புறப்படுமுன் கேட்க வேண்டியவை

பஸ் ஏறுமுன் போனிலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். மெஷினின் பெயர்த்தகடு, பிஎல்சி, டிரைவ், தொடுதிரை ஆகியவற்றின் லேபிள் தெளிவாகத் தெரியும்படி படம் அனுப்பச் சொல்லுங்கள். மாடல் எண் கையில் இருந்தால் உதிரிப்பாகம் கிடைக்குமா என்று அன்றைக்கே விசாரித்துவிடலாம். பிறகு இவற்றைக் கேளுங்கள்: மெஷின் எப்போது நின்றது, ஏன் நின்றது? எத்தனை வோல்ட், எத்தனை ஹெர்ட்ஸ்? வயரிங் டிராயிங், கையேடு, புரோகிராம் பேக்கப் இருக்கிறதா? கரண்டு கொடுத்து ஓட்டிக் காட்ட முடியுமா?

“நேத்து வரைக்கும் ஓட்டத்துல இருந்த மெஷின்தான் அண்ணாச்சி” என்று சொல்வார்கள். “அப்போ நான் வரும்போது ஓட்டிக் காட்டிருங்க அண்ணாச்சி” என்பதே அதற்குப் பதில். உண்மையாக ஓடிய மெஷின் என்றால் இதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பார்க்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். பேனல் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர், அந்த மெஷினில் வேலை செய்த பிட்டர் ஒருவர், இருவரையும் சம்பளம் கொடுத்தே கூட்டிப் போங்கள். தரகரோடு வரும் ஆளின் சொல்லை வைத்து முடிவு செய்ய வேண்டாம்; விற்றால்தான் அவருக்குக் கமிஷன். மல்டிமீட்டர், மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகர், டார்ச், லாப்டாப், கேபிள் ஆகியவை கையில் இருக்கட்டும்.

கரண்டு கொடுக்குமுன்

முதலில் பேனல் கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை இருந்தால் எந்தக் கார்டு என்று தேடுங்கள். பஞ்சுத் தூசு படிந்திருப்பது பெரிய குற்றமில்லை, ஊதி எடுத்துவிடலாம். எண்ணெயும் தூசும் சேர்ந்து பிசினாகியிருந்தால் கவனம். டிரைவின் விசிறி நின்று, சூடு ஏறி, கார்டின் ஆயுள் குறைந்திருக்கும். எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழப் பாதியாகும். தலை உப்பிய கப்பாசிட்டர், கார்டில் பச்சை பூத்த செம்பு, எலி கடித்த வயர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வையுங்கள். விலை பேசும்போது அந்தப் படங்கள் உங்கள் பக்கம் நிற்கும்.

லேபிளில் இருக்கும் ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். லேபிள் மாற்றி ஒட்டப்படுவது உண்டு. கார்டில் உள்ள சிப்புகளில் பெரும்பாலும் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 0832 என்றால் 2008ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். ‘2015 மாடல்’ என்று சொன்ன மெஷினின் கார்டுகள் எல்லாம் 2004ஐக் காட்டினால் கதை வேறு. மற்றவை பழையவையாக இருந்து ஒரே ஒரு கார்டு புதிதாக இருந்தால், அது மாற்றப்பட்டது. ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

டிரைவைச் சோதிக்க எளிய வழி உண்டு. கரண்டு முழுக்கத் துண்டித்த நிலையில், மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, உள்ளே வரும் மூன்று முனைகளையும் மோட்டாருக்குப் போகும் மூன்று முனைகளையும் டிசி பிளஸ், மைனஸ் முனைகளோடு சேர்த்து அளக்க வேண்டும். நல்ல டிரைவில் ஒரு திசையில் 0.3 முதல் 0.6 வோல்ட் வரை காட்டும். திருப்பி வைத்தால் எதுவும் காட்டாது. மூன்று முனைகளிலும் அளவு ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு திசையிலும் பூஜ்யம் என்றால் உள்ளே ஷார்ட். ஓர் எச்சரிக்கை: 415 வோல்ட்டில் ஓடிய டிரைவுக்குள் ஏறத்தாழ 587 வோல்ட் டிசி தேங்கி நிற்கும். அணைத்து 10 நிமிடம் பொறுத்து, மீட்டரில் அளந்து, கரண்டு இறங்கிவிட்டதென்று உறுதியான பிறகே கை வைக்க வேண்டும். இதில் அவசரப்பட்டவர்களுக்கு உயிரே போயிருக்கிறது.

மோட்டாரை மெகரில் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் ரீவைண்டிங் செலவைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். டிரைவிலிருந்து வயரைக் கழற்றிய பிறகே மெகர் போட வேண்டும். சேர்த்துப் போட்டால் அதன் 500 வோல்ட், டிரைவின் கார்டைத் தின்றுவிடும்.

ஓராண்டுக்கு மேல் சும்மா கிடந்த டிரைவுக்கு எடுத்ததும் முழுக் கரண்டு கொடுக்க விடாதீர்கள். நெடுநாள் சும்மா கிடந்த கப்பாசிட்டர் வெடிக்கலாம். வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் வைத்து, குறைந்த வோல்ட்டேஜில் தொடங்கி, சில மணி நேரத்தில் மெல்ல ஏற்ற வேண்டும். இந்த வேலை தெரிந்த ஆள் மட்டுமே இதைச் செய்யட்டும்.

கரண்டு கொடுத்த பிறகு

பிஎல்சியில் ரன் விளக்கு எரிகிறதா, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பேட்டரி எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே கவனியுங்கள். பேட்டரியால் நினைவைத் தாங்கும் பழைய பிஎல்சிகளில், பேட்டரி செத்த நிலையில் கரண்டு போனால் புரோகிராமும் போய்விடும். அப்படிப்பட்டவற்றில் கரண்டு இருக்கும்போதே பேட்டரி மாற்ற வேண்டும்.

தொடுதிரையில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, மூலைகளிலும் தொட்டுப் பாருங்கள். அலாரம் பட்டியலைப் படியுங்கள். மெஷினின் மருத்துவச் சீட்டு அதுதான். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்திருந்தால், விற்கிற காரணம் அதுவாகவும் இருக்கலாம். ஓடிய மணிக்கணக்கையும் பாருங்கள். ஆனால் அந்த எண்ணை அழிக்க முடியும் என்பதால், மிதிபடியின் தேய்மானமும் பொத்தான்களின் வழவழப்பும் அதோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

அவசர நிறுத்தப் பொத்தான்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். கதவு திறந்தால் மெஷின் நிற்கிறதா என்றும் பாருங்கள். உற்பத்தி தடைபடக் கூடாதென்று பாதுகாப்புச் சுவிட்சுகளை வயர் போட்டுப் பைபாஸ் செய்வது பல இடங்களில் நடக்கிறது. அப்படியே கொண்டுவந்து மாட்டினால், விரல் போகப்போவது உங்கள் தொழிலாளிக்கு. அந்தச் சுவிட்சுகளை மீண்டும் இணைக்கும் செலவை முதல் செலவாக எழுதிக்கொள்ளுங்கள்.

சும்மா ஓட்டிக் காட்டினால் போதாது. சரக்குப் போட்டு ஓட்ட வேண்டும். ஆட்டோகோனர் என்றால் உங்கள் கவுண்ட் நூலைக் கொண்டு போங்கள். 60 டிரம் உள்ள மெஷினில் 60 டிரம்மும் தனித்தனியாக ஓட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி நூல் கிளியரர், தனி ஸ்பிளைசர் உண்டு. பத்து டிரம் ஓடாவிட்டால் மெஷினில் ஆறில் ஒரு பங்கு இல்லையென்று பொருள். ஸ்பிளைசர் போட்ட இணைப்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். கலர் சார்ட்டர் என்றால் உங்கள் பருப்பிலேயே ஒரு மூட்டை கொண்டு போய்ப் போடுங்கள். ஒதுக்கியதில் எத்தனை நல்ல பருப்பு போனது, நல்லதில் எத்தனை கறுப்பு தங்கியது என்று தட்டில் கொட்டி எண்ணுங்கள். கேமராவும் காற்று ஊதும் வால்வுகளும் எப்படி இருக்கின்றன என்பது அந்தத் தட்டிலேயே தெரிந்துவிடும். குறைந்தது ஒரு மணி நேரமாவது தொடர்ந்து ஓட்டுங்கள். சூடேறிய பிறகே வெளிப்படும் கோளாறுகள் பல.

புரோகிராம் யார் கையில்?

பழைய மெஷின் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பிஎல்சி நன்றாக ஓடும்; ஆனால் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கும். நாளை அது கெட்டால், அதே மாடல் வாங்கி மாட்டினாலும் உள்ளே போட புரோகிராம் இருக்காது. மெஷின் செய்த நிறுவனம் மூடிப்போயிருந்தால், புரோகிராமை முதலிலிருந்து எழுத வேண்டியதுதான். அந்தச் செலவு சில நேரம் மெஷின் விலையையே எட்டும்.

ஆகவே பணம் கொடுக்குமுன் உங்கள் ஆள் லாப்டாப்பை இணைத்து, பிஎல்சியிலிருந்தும் தொடுதிரையிலிருந்தும் பேக்கப் எடுக்க வேண்டும். டிரைவின் பாராமீட்டர்களைக் கையால் எழுதியோ படம் எடுத்தோ வைக்க வேண்டும். இதற்கு அந்தந்தக் கம்பெனியின் மென்பொருளும் கேபிளும் தேவை. பழைய மாடல்களுக்கு சீரியல் போர்ட் உள்ள பழைய லாப்டாப்பே தேவைப்படலாம். சீமென்ஸ் எஸ்7-300 வகையின் பிந்தைய சிபியுக்கள் ஒரு சிறிய மெமரி கார்டு இல்லாமல் ஓடாது. அந்தக் கார்டு செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அதை எடுத்துச் சாதாரணக் கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்துவிடாதீர்கள்; பிறகு பிஎல்சிக்கு அது உதவாது. பாஸ்வேர்டு கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ‘ஏற்றி அனுப்பின பிறகு தருகிறோம்’ என்ற வாக்கை நம்பி முழுப் பணம் கொடுக்க வேண்டாம்.

உதிரிப்பாகம் எத்தனை நாள்?

ஒவ்வொரு பிஎல்சிக்கும் ஓர் ஆயுட்காலம் உண்டு. அது தேய்மானத்தால் வருவதில்லை. கம்பெனி உற்பத்தியை நிறுத்துவதால் வருவது. 1979இல் வந்த சீமென்ஸ் எஸ்5 வகை எப்போதோ நின்றுவிட்டது. எஸ்7-200 நின்று, அதன் இடத்தில் எஸ்7-1200 வந்தது. எஸ்7-300 வகை 2023 அக்டோபரில் விலக்கல் கட்டத்துக்கு வந்தது. உதிரியாக 2033 வரை கிடைக்கும் என்பது அந்நிறுவனத்தின் ஏற்பாடு. ஆகவே எஸ்7-300 உள்ள மெஷினை இன்று தைரியமாக வாங்கலாம். எஸ்5 உள்ளதை, பிஎல்சியையே மாற்றிப் போடும் செலவோடு சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

நின்றுபோன மாடல் என்றாலே ஒதுக்க வேண்டியதில்லை. இரும்பு நன்றாக இருந்து, மெஷினின் வேலை எளிதாக இருந்தால், பழைய பேனலைக் கழற்றிவிட்டுப் புது பிஎல்சியும் டிரைவும் போட்டுக்கொள்ளலாம். பத்து மோட்டாரும் இருபது சென்சாரும் உள்ள பாக்கெட் மெஷினில் இது நடக்கும். ஆட்டோகோனரிலோ கலர் சார்ட்டரிலோ நடக்காது; அவற்றின் கார்டுகள் அந்தக் கம்பெனிக்கே உரியவை.

நம் மண்ணும் வெயிலும் கரண்டும்

வேறு ஊரில் நன்றாக ஓடிய மெஷின் இங்கே வந்து முரண்டு பிடிப்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்.

முதலாவது வோல்ட்டேஜ். நமது மும்முனை மின்சாரம் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானிலிருந்து வரும் மெஷின் பெரும்பாலும் 200 வோல்ட். அதற்குத் தனி டிரான்ஸ்பார்மர் வேண்டும். அமெரிக்க மெஷின் 480 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்; நேரடியாக ஓடும் மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தே சுற்றும். ஊருக்கு வெளியே, மின்பாதையின் கடைசியில் ஷெட் இருந்தால் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும். பிஎல்சிக்கும் கார்டுகளுக்கும் சர்வோ ஸ்டெபிலைசரும், மின்னல் எழுச்சியைத் தடுக்கும் கருவியும் போட வேண்டும். கூடுதல் லோடு எடுக்குமுன் மின்வாரிய அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது எர்த். கரிசல் மண் ஈரமாக இருக்கும்போது எர்த்துக்கு நல்ல மண். சித்திரை வெயிலில் அதே மண் பாளம் பாளமாக வெடித்து, எர்த் குழாயை விட்டு விலகிவிடும். மழைக்காலத்தில் அளந்த எர்த் மதிப்பு கோடையில் இருக்காது. சென்சார் தவறாகக் காட்டுவது, காரணமில்லாமல் டிரைவ் நிற்பது எல்லாம் இதனால் வரலாம். குழியில் பெண்ட்டோனைட் போட்டு, கோடையில் தவறாமல் தண்ணீர் ஊற்றுங்கள். ஐஎஸ் 3043 விதிகள் தெரிந்த ஆளைக் கொண்டு ஏப்ரல், மே மாதத்தில் அளக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது அடித்தளம். கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலாகக் கான்கிரீட் போட்டு நீளமான மெஷினை நிறுத்தினால், ஒரு மழைக்காலத்துக்குள் மட்டம் போய்விடும். கரிசலைத் தோண்டியெடுத்து, கிராவல் கொட்டி, இடித்து இறுக்கிய பிறகே தளம் போடுங்கள். முதல் கார்த்திகை மழைக்குப் பிறகும், அடுத்த கோடையிலும் மட்டம் பாருங்கள். பேனல் வெயில் படாத பக்கத்தில் இருக்க வேண்டும். தகரக் கூரை ஷெட்டில் பேனலுக்குக் குளிர்சாதனமோ, வடிகட்டியோடு கூடிய விசிறியோ கட்டாயம். அந்த வடிகட்டியை வாரம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்ய ஓர் ஆளுக்குப் பொறுப்புக் கொடுங்கள்.

விலைக் கணக்கு

விற்பவர் சொல்லும் விலை உங்கள் செலவில் ஒரு பகுதிதான். கணக்குப் புரிவதற்காக ஓர் உதாரணம்: மெஷின் விலை 6,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிரேன், லாரி 60,000. டிரான்ஸ்பார்மர் 70,000. டிரைவ், கார்டு பழுது 80,000. ஓட்டிவிட வரும் இன்ஜினியருக்கு 50,000. கையில் வைத்துக்கொள்ளும் உதிரிப்பாகம் 60,000. தளம், வயரிங், எர்த் 80,000. கூடுதல் செலவு மட்டும் 4,00,000. ஆக மெஷின் உங்களுக்குப் 10,00,000 ரூபாய். புது மெஷின் 22 லட்சம் என்றால் இது வாங்கத்தக்கது. புதியது 13 லட்சத்துக்குக் கிடைக்கும் என்றால், உத்தரவாதத்தோடு வரும் புதியதே மேல். மொத்தச் செலவு புதுவிலையில் பாதியைச் சுற்றி நிற்க வேண்டும் என்பது நல்ல அளவுகோல். ஓட்டத்துக்கு வரும்வரை கட்ட வேண்டிய வட்டியையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: அரசின் மூலதன மானியத் திட்டங்கள் பெரும்பாலும் புது இயந்திரத்துக்கே பொருந்தும். விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் கேளுங்கள். மானியத்தையும் சேர்த்துப் பார்த்தால் சில நேரம் புதியதே கட்டுப்படியாகும்.

பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். சிறு அட்வான்ஸ், சரக்குப் போட்டு ஓட்டிக் காட்டி, பேக்கப்பும் கைக்கு வந்த பிறகு பெரும்பகுதி, உங்கள் ஷெட்டில் ஓடிய பிறகு மிச்சம். இந்த மூன்றாவது பகுதிக்கு விற்பவர் ஒத்துக்கொண்டால், மெஷின் மேல் அவருக்கே நம்பிக்கை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

காகிதங்கள்

வரி விலைப்பட்டியல் இல்லாமல் வாங்காதீர்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவருக்கு, கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கும் வழி அதுவே. விலைப்பட்டியலில் மெஷினின் வரிசை எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் சரக்கின் மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினாலும், வெளிமாநிலத்திலிருந்து 50,000 ரூபாயைத் தாண்டினாலும் இ-வே பில் வேண்டும்.

மெஷின் மேல் கடன் இருக்கிறதா என்று பாருங்கள். விற்கும் கம்பெனி அதை வங்கியில் அடமானம் வைத்திருந்தால், உங்கள் ஷெட்டுக்கு வந்த பிறகும் வங்கி உரிமை கேட்கலாம். அடமானங்களைப் பதியும் செர்சாய் பதிவேட்டில் தேடலாம். கம்பெனி என்றால் கம்பெனிப் பதிவாளரிடம் உள்ள பொறுப்புப் பதிவையும் பார்க்கலாம். வங்கியின் தடையில்லாச் சான்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

கழற்றுவதும் ஏற்றுவதும்

நல்ல மெஷின் கெட்டுப்போவது அதிகமும் கழற்றும் நாளில்தான். கேபிளை வெட்டி எடுக்கவே கூடாது. ஒவ்வொரு வயரின் ஃபெருல் எண்ணையும் எழுதி, படம் எடுத்து, முனையிலிருந்து கழற்ற வேண்டும். எண் அழிந்திருந்தால் புதிதாகப் போட்ட பிறகே கழற்றுங்கள். என்கோடர், கப்ளிங் இருக்கும் நிலையைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தொடுதிரையையும் கார்டுகளையும் தனியாகக் கழற்றி, மின்நிலைத் தடுப்பு உறையில் போட்டு, உங்கள் காரிலேயே கொண்டு வாருங்கள். இங்கே பொருத்தப்போகிற அதே பிட்டர் அங்கே கழற்றும்போது கூட இருக்கட்டும்.

மதுரை, தூத்துக்குடி நான்குவழிச் சாலை அருப்புக்கோட்டையைத் தொட்டுப் போவதால் லாரி வருவது எளிது. சாலையை விட்டு இறங்கிய பிறகே சிக்கல். ஐப்பசி, கார்த்திகையில் கரிசலில் கிரேன் இறங்கினால் எழாது. தை முதல் ஆவணிக்குள் இறக்கத் திட்டமிடுங்கள்.

வாங்கவே கூடாதவை

வெள்ளத்தில் மூழ்கிய மெஷின். தீயில் மாட்டிய பேனல். பாஸ்வேர்டும் பேக்கப்பும் இல்லாத, மூடிப்போன கம்பெனியின் மெஷின். கார்டுகள் பாதி கழற்றப்பட்ட மெஷின். இவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பட்டாசு, தீப்பெட்டி வேலை நடக்கும் இடத்தில் சாதாரண டிரைவையும் பேனலையும் வைக்கவே கூடாது. அங்கே தீப்பொறி வெளிவராத வகையில் சான்று பெற்ற கருவி மட்டுமே.

கையில் கொண்டு போக வேண்டிய பட்டியல்

1. மாடல் எண்கள் வாங்கி, உதிரிப்பாகம் விசாரித்தாயிற்றா?
2. எலக்ட்ரீஷியன், பிட்டர், நம் சரக்கு, மீட்டர், மெகர், லாப்டாப் தயாரா?
3. டிரைவும் மோட்டாரும் சோதித்தாயிற்றா?
4. சரக்குப் போட்டு ஒரு மணி நேரம் ஓடியதா?
5. அவசர நிறுத்தமும் பாதுகாப்புச் சுவிட்சும் வேலை செய்கின்றனவா?
6. புரோகிராம், பாராமீட்டர், டிராயிங், பாஸ்வேர்டு கைக்கு வந்தாயிற்றா?
7. நம் வோல்ட்டேஜ், எர்த், தளத்துக்கு என்ன செலவு?
8. மொத்தச் செலவு புதுவிலையில் எத்தனை பங்கு?
9. வரி விலைப்பட்டியல், கடன் இல்லாச் சான்று, இ-வே பில்?

இந்த ஒன்பதில் 4க்கோ 6க்கோ ‘இல்லை’ என்ற பதில் வந்தால், பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு ஊர் திரும்புங்கள். போக்குவரத்துக்குப் போன செலவு, தப்பிய நட்டத்துக்கு முன் ஒன்றுமே இல்லை.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மெஷினை ஓட்டிவிட வரும் வெளியூர் இன்ஜினியரோடு, ஐடிஐ முடித்த உள்ளூர் இளைஞர் ஒருவரை முதல் நாளிலிருந்தே நிறுத்துங்கள். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்கள் 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதிய தொழில்நுட்பப் பயிற்சிக்காக மேம்படுத்தப்பட்டன. பிஎல்சியைக் கையால் தொட்டுப் படித்த பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். பேக்கப் எடுப்பது, பேட்டரி மாற்றுவது, அலாரம் படிப்பது ஆகிய மூன்றையும் அவர் கற்றுக்கொண்டால், ஒவ்வொரு கோளாறுக்கும் கோயம்புத்தூர் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அவருக்கு நல்ல சம்பளம் கொடுங்கள். மெஷின் நின்ற அன்று நம் ஷெட்டில் இருக்கப்போகிறவர் அவர்தான்.